பாட்டு நிற்கிற இடம்

சந்துருவின் கிட்டார் அன்று காலையும் சுருதி கலையாமல் இருந்தது.

மோட்டார் ரூமில் வைத்த கிட்டார் அப்படி இருக்காது. ஒரு பக்கம் கிணற்றின் ஈரம். இன்னொரு பக்கம் ஓடி ஓய்ந்த மோட்டாரின் சூடு. நடுவில் கணவாயிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிற ஆடிக் காற்று. மரம் உப்பும், சுருங்கும், தந்தி இளகும். தினமும் முறுக்கித்தான் ஆக வேண்டும் என்று ஜோஜோ சொல்லியிருந்தான். தொடக்கத்தில் நர்மதா முறுக்கினாள். சில வாரங்களாக அதற்குத் தேவையே வரவில்லை.

பழகப் பழகக் கருவியும் படிந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பைக்குள்ளிருந்து பிக்கை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டினாள். தேன் நிறப் பிளாஸ்டிக். மோதிரம்போல் விரலைச் சுற்றிப் பிடிக்கும். ஒரு முனை மட்டும் அலகுபோல் நீண்டிருக்கும். மற்ற விரல்கள் வெறும் நகத்தால் மெல்லிய தந்திகளில் பாட்டைச் சொல்ல, கட்டைவிரல் இந்த அலகால் கனத்த தந்திகளைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கக் கூடாது. பாட்டு எங்கே போனாலும் கூடவே போகவும் கூடாது.

“தள்ளவிரல் செக்குமாடு சேச்சி,” என்பான் ஜோஜோ. கொல்லங்கோட்டில் கிட்டார் சொல்லித் தருகிற மலையாளி, சந்துருவின் கூட்டாளி. கட்டைவிரலை அவன் அப்படித்தான் சொல்வான். “மேலே பாட்டு நடக்கட்டும், சண்டை நடக்கட்டும். மாடு அறியாது. அது சுத்தும்.”

அவளுடைய மாடு பல மாதம் இடறியது. இப்போது சுற்றுகிறது.

இன்றைக்கு மாடல்ல, நுகத்தடியே நழுவியது. பிக் விரலில் நிற்காமல் சுழன்றது. நர்மதா விரலைப் பார்த்தாள். மெலிந்துவிட்டது என்று நினைத்தாள்.

அன்று சந்துருவுக்கு வருஷத் திதி.

போன ஆடியில், இதே காற்றில், கொல்லங்கோட்டுச் சாலையில் தேங்காய் லாரிக்குப் பின்னால் அவன் பைக் சறுக்கியது. அப்போது நர்மதா அந்த வீட்டுக்கு வந்து இரண்டு பொங்கல்தான் ஆகியிருந்தது. அவள்தான் அந்த வீட்டின் ஒரே மருமகள். மூத்தவன் பிரதீப்புக்குப் பெண் அமையவில்லை. தோட்டம் பார்க்கிற பையனுக்கு இந்தக் காலத்தில் யார் பெண் கொடுக்கிறார்கள். தம்பிக்கு முதலில் நடந்தது. நடந்து, முடிந்தும் போயிற்று. பொள்ளாச்சியிலிருந்து அவள் அம்மா வந்து கூப்பிட்டாள். நர்மதா போகவில்லை. கிட்டார் இங்கே இருந்தது.

அவன் இருந்தபோது அதைத் துடைக்க மட்டும்தான் தொட்டிருக்கிறாள். அவன் போன பிறகுதான் மடியில் வைத்தாள். புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் வாத்தியம் வாசிக்கிறாள் என்று கோவிந்தாபுரத்தில் பேச்சு வர வேண்டாம் என்று, காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிற வழியில் மோட்டார் ரூமுக்குள் போவாள். கொஞ்ச நேரம். பிறகு வீடு, சமையல், முற்பகலில் கடைவீதி உரக்கடையில் கணக்கு வேலை. மாலைதான் திரும்புவாள்.

பாடம், போனில் இருந்த ஒரே ஒரு ரெக்கார்டு. செத்த அன்று காலையில் சந்துரு இதே அறையில் உட்கார்ந்து பதிந்து அவளுக்கு அனுப்பியது. அவனே கட்டிய மெட்டு. பெயர் வைக்கவில்லை. கீழ்த்தந்தி கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கும், மேல்தந்தி மெதுவாக ஏறி வரும். இரண்டும் சந்திக்கப் போகிற இடத்தில் தகரக் கதவு கிறீச்சிடும். அதோடு ரெக்கார்டு முடிந்துவிடும்.

மீதி என்ன என்று யாருக்கும் தெரியாது. நர்மதா அதுவரை வாசிப்பாள். அந்த இடத்தில் நிறுத்துவாள்.

இன்றும் அங்கே நிறுத்தினாள்.

இன்னொன்றும் அவளை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அந்த பிக் முதலில் அவள் விரலுக்கு மிகப் பெரிதாக இருந்தது. “வெந்நீரில் முக்கி, இளகினதும் விரலில் அமர்த்திப் பிடிங்க சேச்சி,” என்று ஜோஜோ சொன்னான். சொன்னபடியே செய்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆறின பிறகுதான் உறைத்தது. அத்தனை நாளும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இருந்தது சந்துருவின் விரல் அளவு. அவன் உடம்பின் வடிவம் வேறெங்கும் மிச்சமில்லை. அதை அவளே வெந்நீரில் கரைத்துவிட்டாள்.

போன் அதிர்ந்தது. ஜோஜோவின் குரல் செய்தி.

“சேச்சி, பிரதீப்பேட்டன் விளிச்சார். திதி கழிஞ்சதும் உச்சைக்கு வந்து கிட்டாரை எடுத்துட்டுப் போகச் சொன்னார். சர்ச்சில் குட்டிகளுக்குக் கொடுக்கலாம்னு. சேச்சிக்குத் தெரியும்தானே? தெரியாதெங்கில்… சொல்லுங்க. ஞான் வரலை.”

அவளுக்குத் தெரியாது.

ஒன்றும் பதில் அனுப்பாமல் கிட்டாரைச் சுவரில் சாய்த்தாள்.

*

வீட்டில் அடுப்பு பற்ற வைத்திருக்கவில்லை.

திதி நாளில் மாமியார் பொன்னாத்தாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பவள். படையலுக்கு அரிசியும்பருப்பும், பச்சைப்பயறு, வடை எல்லாம் மதியத்துக்குள் ஆக வேண்டும். அவள் சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே பிரதீப் நின்றான். மாமனார் மாரப்பன் நாற்காலியில் இருந்தார். அவருக்குக் காது மந்தம். காது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பாட்டரி தீர்ந்துவிடும் என்று சட்டைப் பையில் வைத்திருந்தார்.

“என்னுங்கம்மா இது,” என்றான் பிரதீப். “நல்லமுத்துப் பண்டாரம் திதி குடுக்க உச்சிக்கு வந்துருவாரு. இன்னும் ஒல வெக்காம உக்காந்திருக்கறீங்க.”

“வெக்கமாட்டேன்.”

“ஏனு?”

“இருக்கறவனுக்கு எதுக்குடா எள்ளுந் தண்ணியும்?”

மாரப்பன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“என்ன சொல்றா உங்கொம்மா?”

“மிசின மாட்டிக்கிட்டுக் கேளுங்க,” என்றாள் பொன்னாத்தாள். “பைக்குள்ள வச்சா பைக்குத்தான் கேக்கும்.”

மாரப்பன் மாட்டிக்கொண்டார். அது கொஞ்ச நேரம் கீச்சிட்டது.

“எம்பையன் தோப்புக்குள்ளதான் இருக்கறானுங்க,” என்றாள் அவரிடம். “நாள் தவறாம வாசிக்கறான். நாங் கேக்கறேன். இவன் அவனை எள்ளு எறச்சுத் தொரத்தப் பாக்கறான். அந்தக் கிட்டாரயும் யாருக்கோ தூக்கிக் குடுக்கறானாமா.”

“செத்தவன் சாமான் வருசந் திரும்புனா ஊட்டுல இருக்கப்படாதுங்கம்மா. நீங்க சொன்ன பழக்கந்தான். மாமன் செத்தப்ப வேட்டி, செருப்பு, வெத்தலப் பை வரைக்கும் நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க.”

“மாமன் வந்து வெத்தல போட்டானாடா? இவன் வர்றானே.”

வாசலில் நின்றிருந்த நர்மதாவின் கையில் பால் தூக்கு இருந்தது. உள்ளே போக முடியவில்லை.

இந்தப் பேச்சு புதிதல்ல. சந்துரு போன பிறகு பொன்னாத்தாள் சோற்றைத் தொடாமல் கிடந்தாள். கொல்லங்கோட்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தார்கள். அப்புறம் ஒரு நாள் தானே எழுந்து உட்கார்ந்து, “சித்தெ மோரு ஊத்து கண்ணு,” என்றாள். குடித்துவிட்டு, “எம்பையன் வாசிக்கறான்,” என்றாள். நர்மதா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தை சோறு உண்டாள், தலை சீவினாள், கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்தாள். நர்மதா நன்றாக வாசிக்க வாசிக்க, தோப்புக்குள் சந்துரு இன்னும் கொஞ்சம் உயிரோடு நடமாடினான்.

சொன்னால் திதி நடக்கும். கிட்டார் போகும். அத்தை திரும்பவும் படுத்துக்கொள்வாள்.

சொல்லாவிட்டால், இறந்தவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் இல்லை.

“தண்ணி தவிச்சுப் போனான் எம்பையன்,” என்றார் மாரப்பன் திடீரென்று. யாரையும் பார்க்கவில்லை. “ரோட்டுல தண்ணி கேட்டானாமா. லாரிக்காரன் சொன்னான். அதையாச்சும் ஊத்தோணும் பொன்னாத்தா.”

மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

பிரதீப் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோப்புப் பக்கம் போனான்.

*

பொன்னாத்தாள் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தாள். நர்மதா பின்னாலேயே போனாள். கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

“அத்தை.”

“என்ன கண்ணு.”

“வாசிக்கறது நானுங்க.”

பொன்னாத்தாள் தீவனத் தொட்டியைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“சொசைட்டிக்குப் போயிட்டு வர்றப்ப மோட்டார் ரூம்ல ஒக்காந்து வாசிக்கறனுங்க. ரொம்ப நாளா. அவரு போன்ல அனுப்பிச்சதக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டனுங்க. நீங்க எந்திரிச்சு ஒக்காந்தீங்கன்னு… சொல்லல. அவரு வர்றதில்லீங்க. நாந்தானுங்க.”

சொல்லி முடித்ததும் நர்மதா அத்தையின் கையைப் பிடிக்கத் தயாராக நின்றாள். கீழே விழுந்தால் தாங்குவதற்கு.

பொன்னாத்தாள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

“எனக்குத் தெரியுஞ் சாமி,” என்றாள்.

பிடிக்கத் தயாராயிருந்த கையை நர்மதா இறக்கினாள்.

“வெடியால வாசிக்கறது நீயி. மொதல்ல டொக்கு டொக்குன்னு தேங்கா உரிக்கறாப்புல இருந்துச்சு. இப்பப் பரவாயில்ல. பால் தூக்க வெளிய வச்சுப்போட்டுப் போற, வழில போறவிய பாக்கமாட்டாங்களா? நாந்தான் ரெண்டு தடவ எடுத்து உள்ள வச்சேன்.”

நர்மதா திரும்பித் தோப்புப் பக்கம் பார்த்தாள்.

“நீ ஒரு எடத்துல நின்னுக்குவ,” என்றாள் பொன்னாத்தாள். “தெனமும் அதே எடம். வண்டி மேடு ஏறமாட்டாம நிக்குமே, அதாட்ட. நான் மத்தியானத்தச் சொல்றேன்.”

“மத்தியானமுங்களா?”

“நீ கடைக்குப் போன பொறகு. இவிய உண்டுபோட்டுப் படுத்துருவாங்க. காத்து கொஞ்சம் ஓயும். அப்ப வாசிப்பான். அதே பாட்டு. ஆனா நிக்கறதில்ல. அந்த மேட்டத் தாண்டிப் போவான். அக்கட்டால ரொம்பத் தூரம் இருக்குது கண்ணு அந்தப் பாட்டு. முடிவு நல்லா இருக்கும்.”

கன்றுக்குட்டி நர்மதாவின் சேலை நுனியைச் சப்பியது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

“நீ ஊட்டுல இருக்கற ஞாயித்துக்கெழம மட்டும் வாசிக்கமாட்டான்,” என்றாள் பொன்னாத்தாள். “உங்கிட்ட என்ன வெக்கமோ.”

பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, குரல் தணிந்தது.

“உங்க மாமன் தண்ணின்னு சொல்லிப்போட்டாரு. போ, அடுப்பப் பத்த வை. படையல் போடலாம். கிட்டாரக் கொண்டாந்து எல பக்கத்துல வை. அவன் ஆசப்பட்டதெல்லாம் வெக்கோணுமல்ல. ஆனா பொழுதுக்குள்ள திரும்பி மோட்டார் ரூமுக்குப் போயிரோணும். அத யாருக்கும் குடுக்க உடமாட்டேன். நீயும் உடாத.”

*

சோற்றை இறக்கி வைத்துவிட்டு நர்மதா கிட்டாரை எடுக்கப் போனாள்.

வெயில் ஏறியிருந்தது. காற்றில் தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. எப்போதும் போகிற பாதைதான். இன்றைக்குக் கால் பார்த்துப் பார்த்து வைத்தது.

தகரக் கதவைத் தள்ளினாள். கிறீச். ரெக்கார்டில் இருப்பது இதே சத்தம்தான். அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். யார் திறந்தார்கள் என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. காற்று என்று நினைத்திருந்தாள்.

கிட்டார் அவள் சாய்த்த இடத்தில் இருந்தது. கட்டைவிரலால் தந்திகளை மேலிருந்து கீழ்வரை தடவினாள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நின்றது.

போனை எடுத்து ஜோஜோவைக் கூப்பிட்டாள்.

“சேச்சி?”

“ஜோஜோ, ஒண்ணு கேக்கறேன். மோட்டார் ரூம்ல வச்சிருக்கற கிட்டாரு, யாரும் முறுக்காம சுருதி நிக்குமா?”

“எத்ர நாளு?”

“வாரக் கணக்கா.”

ஜோஜோ சிரித்தான். “ஆடிக் காத்திலா? ரெண்டு நாளு நிக்காது சேச்சி. ஆரோ ட்யூன் செய்யுன்னுண்டு.”

அவள் இன்னொருமுறை தந்திகளைப் பார்த்தாள்.

“சேச்சியல்லே அது?”

“இல்ல.”

பிறகு ஜோஜோ மெதுவாகக் கேட்டான்.

“ஞான் வரணோ?”

“வாங்க,” என்றாள் நர்மதா. யோசித்துவிட்டு, “வந்து வாசிக்கறதக் கேட்டுட்டு எடுங்க,” என்றாள்.

பிக்கை விரலில் மாட்டிப் பார்த்தாள். மறுபடியும் சுழன்றது. நேற்று இந்த அளவுக்கு இல்லை. முந்தாநாள் அதைவிடக் கொஞ்சம் பிடிப்பாக இருந்தது. மணிக்கட்டில் இறுகிக் கிடந்த வளையலைப் பார்த்தாள். கை முன்னைவிடப் பெருத்துத்தான் இருந்தது. அவள் மெலியவில்லை.

பிக்தான் விரிந்திருந்தது. வெந்நீர் படாமல், கொஞ்சம் கொஞ்சமாக. அவள் விரலைவிடப் பருத்த ஒரு விரல் அதற்குள் போய்ப் போய் வந்ததுபோல்.

முதலில் வந்தது பயமல்ல. அதை நினைத்து அவளே வெட்கப்பட்டாள். அவன் அளவு திரும்பி வந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். பிறகுதான் பயம் வந்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் நடந்தாள்.

*

தோப்பின் ஓரத்தில் டேம் வாய்க்கால். அங்கேதான் படையல்.

தலைவாழை இலையில் சோறு, பயறு, வடை. அவன் குடிக்கிற இஞ்சி டீ ஒரு கண்ணாடித் தம்ளரில். பக்கத்தில் கிட்டார். அதன் மேல் பிக்கை வைத்தாள் நர்மதா. நல்லமுத்துப் பண்டாரம் அதைக் குனிந்து பார்த்தார்.

“இது என்னங்க பொண்ணு, தாயத்தா?”

“வெரலுக்குப் போடறதுங்க. வாசிக்க.”

“சரி, இருக்கட்டும். எங்கப்பனுக்கு மூக்குப்பொடி டப்பா வச்சேன். தும்மிக்கிட்டே சாமி கும்புட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. மாரப்பன் மட்டும், காதில் விழாமலேயே, தலையாட்டினார்.

பிள்ளை இல்லாதவனுக்கு அண்ணன் தண்ணீர் விட வேண்டும். பிரதீப் ஈர வேட்டியோடு வாய்க்கால் படியில் உட்கார்ந்தான். உள்ளங்கையில் எள் வைத்தார் பண்டாரம். நர்மதாவிடம் செம்பைக் கொடுத்தார்.

“நீங்க ஊத்துங்க கண்ணு. பொஞ்சாதி ஊத்த, அண்ணன் உடட்டும். சாமிக்குத்தான் விரல் நுனி வழியா உடறது. செத்தவியளுக்குக் கட்டவெரல் பக்கமாச் சாயோணும். தம்பி, கட்டவெரல நல்லா விரிச்சுக்கங்க.”

நர்மதா குனிந்து ஊற்றினாள்.

தண்ணீர் எள்ளை அடித்துக்கொண்டு கட்டைவிரல் மேல் வழிந்தது. அவள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விரலைப் பார்த்தாள்.

தடித்த விரல். மட்டை உரித்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்தது. நகத்துக்குக் கீழே, கணுவுக்கு மேலே, ஒரு பள்ளம் சுற்றியிருந்தது. சிவந்து, ஓரத்தில் தோல் கன்றியிருந்தது. கயிறு அறுத்த தடமல்ல. கயிறு அவ்வளவு அகலமாக, அவ்வளவு நேராக அறுக்காது. அந்தத் தடம் அவள் விரலிலும் உண்டு. இறுக்கமான பிக்கை நெடுநேரம் போட்டால் வருவது.

ஊற்றிக்கொண்டிருந்த செம்பு நின்றுவிட்டது.

பிரதீப் நிமிர்ந்தான். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தான். விரல்களை மடக்கிக் கையை மூடிக்கொண்டான்.

“கைய விரிங்க தம்பி,” என்றார் பண்டாரம். “மூடுன கைல தண்ணி நிக்கும். அவனுக்குப் போகாது.”

பிரதீப் மூடியபடியே இருந்தான்.

“விரிங்க.”

மாரப்பன் ஒரு அடி முன்னால் வந்தார். “உடுறா. தவிச்சுப் போனவன்டா.”

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கட்டைவிரல் கடைசியில் விலகியது. நர்மதா ஊற்றினாள். தண்ணீர் அந்தப் பள்ளத்தில் ஒரு நொடி தங்கி, சுற்றி, வாய்க்காலில் விழுந்தது.

பொன்னாத்தாள் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் தோப்பின் பக்கம் முகத்தைத் திருப்பி, தலையைச் சற்றுச் சாய்த்து நின்றிருந்தாள். காற்று ஓய்ந்திருந்தது. அவள் கேட்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

*

காக்கை சோறெடுத்த பிறகு மாரப்பன் பண்டாரத்தோடு வீட்டுக்கு நடந்தார். பொன்னாத்தாள் இலையை எடுத்துக்கொண்டிருந்தாள். பிரதீப் வரப்பில் தனியாக நின்று வேட்டியைப் பிழிந்தான்.

நர்மதா கிட்டாரோடு அவன் அருகே போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர்களுக்குள் நேர்ப்பேச்சு குறைவு. சோறு போடட்டுமா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான்.

“வெரலு வலிக்குதுங்களா?” என்றாள்.

பிரதீப் பிழிவதை நிறுத்தவில்லை.

“நீ சுருக்கிப்போட்ட,” என்றான். “ஏறவே மாட்டேங்குது.”

“சொல்லியிருந்தா வேற வாங்கியிருப்பனுங்க.”

“யாருகிட்டச் சொல்றது.”

அவன் கண் கிட்டார்மேல் போயிற்று.

“இது நான் வாங்குன கிட்டாரு. கோயமுத்தூர்ல படிக்கறப்ப. அப்பனுக்கு முடியாமப் போச்சு, தோட்டத்துக்கு வந்துட்டேன். அவன்கிட்டக் குடுத்துட்டேன். குடுத்தத ஒரு நாளும் சொல்லிக்காட்டுனதில்ல.” பிழிந்த கை நின்றது. “அன்னைக்கு வரைக்கும்.”

“அந்தப் பாட்டோட மீதி…” நர்மதா ஒரு அடி நெருங்கினாள். “அது எங்கயும் இல்லீங்க. ரெக்கார்டுல கதவு சத்தம் கேக்குது. அங்க நின்னுருது. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பிரதீப் மோட்டார் ரூமைப் பார்த்தான். அவள் சாத்தாமல் வந்த கதவு வெயிலில் அசைந்துகொண்டிருந்தது.

“கதவத் தொறந்தது நாந்தான்.”

நர்மதாவும் அந்தக் கதவைப் பார்த்தாள்.

“போன அமத்திப்போட்டு, உக்காருங்கண்ணான்னான். மீதிய எனக்கு வாசிச்சுக் காமிச்சான். கடைசி வரைக்கும் கேட்டேன். நல்லா இருந்துச்சு. அது போதுமல்ல, எந்திரிச்சுப் போயிருக்கலாம்.” வேட்டி முனையை இறுக்கி முறுக்கினான். “அதுக்கப்புறந்தான் அந்த வார்த்தயச் சொன்னேன். அவன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.”

“என்னுங்க சொன்னீங்க?”

சாலைப் பக்கம் பைக் ஒன்று தோப்புக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது. ஜோஜோ.

பிரதீப் அந்தப் பக்கம் திரும்பினான். “ஜோஜோ எடுத்துட்டுப் போகட்டும்,” என்றான். “என்னால முடியல நர்மதா. ஒவ்வொரு மத்தியானமும் இன்னைக்கோட சரின்னு போறேன். அதத் தொடாம இருக்க முடியமாட்டேங்குது. தொட்டா அவன் எதுக்கால உக்காந்திருக்கறான்.”

“நர்மதா,” என்று வாய்க்கால் படியிலிருந்து பொன்னாத்தாள் கூப்பிட்டாள். கையில் கண்ணாடித் தம்ளர் இருந்தது. டீ ஆறிப்போயிருந்தது. “அதக் கொண்டுபோய் வெச்சுரு கண்ணு. நேரமாச்சு. எம்பையன் வந்து தேடுவான்.”

இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வெயில் நேராக அவள் தலையில் விழுந்தது. ஒரு வருஷமாக யாரும் பார்க்காத நிதானம் அந்த முகத்தில் இருந்தது.

நர்மதா கிட்டார் தந்தியில் செருகியிருந்த பிக்கை எடுத்தாள். பிரதீப்பின் கையைத் தொடாமல், உள்ளங்கையில் வைத்தாள். அந்தக் கையில் இன்னும் இரண்டு எள் ஒட்டியிருந்தது.

பைக் தென்னை வரிசைக்குள் வந்து நின்றது. “ஏட்டா,” என்று ஜோஜோ கூப்பிட்டான்.

பிரதீப் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிக்கைச் சுற்றி விரல்கள் மெதுவாக மடங்கின. கட்டைவிரல் கடைசியில் வந்து, மேலே படிந்தது.